இருபத்தேழாம் எண் படகு

"எக்ஸ்ரேம்மா, நீங்க இறங்காதீங்க. சேறு இடுப்புக்கு வரும்."

சொல்லிவிட்டு, கழியை ஊன்றித் தான் மட்டும் இறங்கினார் கொளஞ்சியப்பன். இறங்கிய இடத்தில் முழங்கால் அளவுகூடச் சேறு இல்லை. சந்திரலேகா அதைப் பார்த்தாள். 

மாசி மாதத்துக் கடைசி ஞாயிறு. 2011ஆம் வருஷம். பிச்சாவரத்தில் சுற்றுலாப் படகுகள் கிளம்ப ஒன்பது மணி ஆகும். அதற்கு முன்னால், சின்னத்திட்டு என்கிற மீனவர் குப்பத்திலிருந்து கொளஞ்சியப்பனின் சொந்தப் படகில் ஏறி, சுரபுன்னைக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போனால், முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சேற்றுவெளி வரும். ஆறு வருஷமாக ஞாயிறு தோறும் அவள் வருகிற இடம் அது. வாரத்தில் ஆறு நாளும் சிதம்பரத்தில் ஓர் எக்ஸ்ரே நிலையத்தில் ஊரார் எலும்புகளைப் படம் பிடிப்பாள். ஏழாம் நாள் பறவைகள். மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு வீட்டில் அவளும் அந்த நீள லென்சு கேமராவும்தான்.

அந்தச் சேற்றுவெளிக்கு வருகிற பறவைகளில் அவளுக்கு உயிர் கருவால் மூக்கன்தான். குளிர்காலம் முழுக்கச் சேற்று நிறத்தில் கிடக்கும். மாசி பிறந்ததும் கழுத்திலிருந்து நெஞ்சு வரைக்கும் செங்கல் பொடி பூசிக்கொண்ட மாதிரி சிவக்க ஆரம்பிக்கும். சிவப்பு முற்றிவிட்டால் வடக்கே கிளம்பிவிடும். படம் எடுக்கிறவர்களுக்கு அந்த மூன்று நான்கு வாரம்தான் காலம்.

அந்தக் கூட்டத்தில் ஒன்றுக்கு இடது காலில் மஞ்சள் வளையம். அதில் 47 என்று எண். எங்கேயோ ஆராய்ச்சிக்காரர்கள் பிடித்து, மாட்டி, விட்டது; அதைப் பார்க்கிறபோதெல்லாம் அவர்களுக்கு அவள் எழுதுவாள். மூன்று வருஷமாகத் தவறாமல் வந்துகொண்டிருந்தது. "உங்க மருமவன் வந்துட்டானா பாருங்க" என்பார் கொளஞ்சியப்பன். "அது ஏன் மருமவன்?" என்று ஒருதரம் கேட்டாள். "வருசத்துக்கு ஒருதரம் வந்து நல்லாத் தின்னுப்புட்டு, கொழுத்துப்போய்ச் சொல்லாமக் கிளம்புறவன் வேற யாரும்மா?" என்றார்.

இன்றைக்கு மருமகன் கண்ணில் படவில்லை. போன வாரம் முந்நூறுக்குக் குறையாமல் மேய்ந்த இடத்தில் நூறு கூடத் தேறாது.

"என்னண்ணே கெடக்கு அங்க?"

"ஒண்ணுமில்லம்மா. றெக்கை."

"என்ன றெக்கை?"

"றெக்கைதான். பருந்து அடிச்சிருக்கும்."

அவள் கேமராவைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கூடை நிறைய அள்ளலாம் போல இறகுக் குவியல். பக்கத்தில் நட்டு வைத்த இரண்டு மூங்கில் கழிகள். ஒன்றில் மெல்லிய நைலான் வலைத்துண்டு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

"பருந்து அடிச்சா ஒரு கூடை றெக்கையா அண்ணே?"

கொளஞ்சியப்பன் கழியைப் பிடுங்கி மறுபடி ஊன்றினார்.

"அந்த வலை?"

"மீன் வலைதான். காத்துல பறந்து வந்து மாட்டியிருக்கும்."

"மூங்கிலும் காத்துல வந்து தானா நட்டுக்கிச்சா?"

கொளஞ்சியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரே இடத்தில் நின்று, வலது காலைச் சேற்றுக்குள் அழுத்திக்கொண்டே இருந்தார். வண்டி பிரேக்கை மிதிக்கிறவர் மாதிரி.

"ஏன் அங்கயே நிக்கிறீங்க? கால் மாட்டிக்கிச்சா?"

"சிப்பி குத்திருச்சும்மா. இருங்க."

கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்தார். தண்ணீரில் கையைக் கழுவினார். வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு ஒரு பிடி இறகோடு படகில் ஏறினார். கரிய வால் இறகு, வெள்ளைப் பட்டை ஓடிய சிறகு. அவள் அவற்றை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நம்ம மூக்கன்தான்" என்றாள்.

"ம்."

"யாருண்ணே இந்த வேலை பாக்கறது?"

"எனக்கு எப்பிடிம்மா தெரியும்."

பொய் சொன்னால் கழியைப் பார்த்துக்கொண்டு சொல்வார். ஆறு வருஷத்தில் அவளுக்கு அது தெரிந்திருந்தது. ஊர்க்காரனைக் காட்டிக்கொடுக்க மாட்டார், கேட்டால் அவருக்குத்தான் சங்கடம் என்று நினைத்து இரண்டாம் தரம் கேட்காமல் விட்டாள். அந்த நேரம் பார்த்து, எதற்கோ பயந்து, தூரத்தில் மேய்ந்த கூட்டம் ஒட்டுமொத்தமாக எழும்பியது. கேமராவை எடுத்து, அடுத்தடுத்து அழுத்தினாள். அவ்வளவுதான் அன்றைக்கு.

சாயங்காலம் வீட்டில், கம்ப்யூட்டரில் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. எழும்பிய கூட்டத்துக்குப் பின்னால், காட்டோரமாக ஒரு நீலப் படகு. பெரிதாக்கினாள். படகில் முதுகைக் காட்டிக்கொண்டு சிவப்புத் துண்டு போட்ட ஓர் ஆள். அவன் காலடியில் சுருட்டிய வலை, மூங்கில் கழிகள். விளிம்பில் தொங்கிய கொத்து என்னவென்று புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தலைகீழாகக் கட்டிய பறவைகள். படகின் பக்கத்தில் கறுப்புப் பெயிண்டில் 27.

கொளஞ்சியப்பன் தன் படகை வேட்டைக்குக் கொடுத்துவிட்டு, இன்றைக்கு வேறொன்றில் வந்திருப்பாரோ என்று அவளுக்குத் தோன்றியது.  சின்னத்திட்டில் எல்லாப் படகும் நீலம்தான். சுனாமிக்கு அப்புறம் ஒரு நிவாரண அமைப்பு நாற்பது ஃபைபர் படகு கொடுத்தது. பெரியது கொஞ்சம், சிறியது கொஞ்சம். எல்லாவற்றுக்கும் ஒரே பெயிண்ட். எண் மட்டும்தான் வேறு வேறு.

பழைய படங்களைத் திறந்தாள். 2009இல் கொளஞ்சியப்பன் கழியோடு நிற்கிற படம். படகின் பக்கத்தில் 31. இன்னொரு படம் பார்த்தாள். 31. மூன்றாவதாக ஒன்று. அதிலும் 31.

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

கடலூர் முதுநகரில் ராமாமிர்தத்துக்குப் போன் போட்டாள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். பறவை பார்க்கிற பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து வைத்திருக்கிறவர்.

"நம்பர் தெரியுதா மேடம்?"

"பளிச்சுனு தெரியுது சார்."

"அப்புறம் என்ன யோசனை?"

"கொளஞ்சி அண்ணன் ஊர்ப் படகு. அவர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாமான்னு பாக்கறேன்."

"கேட்டா என்ன ஆகும் தெரியுமா? பொழுது போறதுக்குள்ள ஊருக்கே தெரியும். அவன் வலையைக் கொளுத்திட்டு நல்லபிள்ளையா உக்காந்திருப்பான். கொளஞ்சி போட்டு இல்லையே அது?"

"இல்ல சார். அவரோடது முப்பத்தொண்ணு. மூணு படத்துல பாத்துட்டேன்."

"பின்ன? நாம ஒவ்வொரு பறவையையும் வளையத்துல இருக்கற நம்பரை வச்சுத்தான எழுதறோம். நம்பர் ஆளை மாத்திச் சொல்லுமா? கொண்டுபோய்க் குடுங்க."

அவளுக்கும் அதுவே சரி என்று பட்டது. எக்ஸ்ரே அறையில் பதினெட்டு வருஷமாக அவள் வைத்திருந்த நியாயமும் அதுதான். படத்தில் இருப்பதைச் சொல். இல்லாததைச் சொல்லாதே.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டாள். வனத்துறை அலுவலகத்தில் ஒரு வனவர் படத்தை வாங்கி, அங்கேயே இருந்த பிரிண்டரில் ஒரு தாள் எடுத்துக்கொண்டார்.

"மூஞ்சி தெரியலையே மேடம்."

"நம்பர் தெரியுதே சார்."

"அது தெரியுது. சுனாமி போட்டுக்கெல்லாம் லிஸ்ட் இருக்கு. யார் பேர்ல இருக்குன்னு பாத்துரலாம். நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க. அதிலே நம்பரைச் சேத்து எழுதுங்க."

'படகின் எண் 27 என்பது தெளிவாகத் தெரிகிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒருதரம் படித்துப் பார்த்து, 'தெளிவாக' என்பதற்கு அடியில் கோடு வேறு போட்டாள்.

"சீக்கிரம் பண்ணுங்க சார். இன்னும் ரெண்டு வாரத்துல மிச்சம் இருக்கறதும் கெளம்பிடும்."

"பண்ணிரலாம்."

அடுத்த ஞாயிறு கிள்ளை வரை பஸ்சில் போய், ஷேர் ஆட்டோ பிடித்து, விடிகிற நேரத்துக்குச் சின்னத்திட்டுக் கரைக்குப் போய்ச் சேர்ந்தாள். முப்பத்தொன்று கரையில் கிடந்தது. கொளஞ்சியப்பன் இல்லை. படகின் விளிம்பில் அவர் சம்சாரம் மங்கலம் உட்கார்ந்திருந்தாள்.

"வாங்க" என்றாள் மங்கலம். "இன்னிக்கு யாரைப் படம் புடிக்கப் போறீங்க?"

சந்திரலேகாவுக்கு அந்தப் பேச்சின் வாடை உடனே பிடிபடவில்லை.

"அண்ணன் எங்க?"

"கடலூர்ல. உள்ள வச்சிருக்காங்க. அஞ்சு நாளாச்சு. இன்னும் பத்து நாளு கழிச்சு கோர்ட்டுக்குக் கூட்டியாருவாங்களாம்."

"எதுக்கு?"

"கேக்கறாங்க பாரு. மூக்கனைப் புடிச்சதுக்கு."

"மங்கலம், அவரு எதுக்குப் புடிக்கறாரு? அந்தப் போட்டு இருபத்தேழு. உங்களோடது இது, முப்பத்தொண்ணு. வாரா வாரம் நான் இதுலதானே ஏறுறேன்?"

"ஏறுறீங்க. பேப்பர்ல யாரு பேருன்னு எப்பனா கேட்டீங்களா?"

மங்கலம் எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. கணக்குத் தெரியாத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள்.

"போட்டு குடுத்தப்ப சீட்டுக் குலுக்கிப் போட்டாங்க. எங்க ஊட்டுக்காரரு உப்பங்கழில கழி ஊனுறவரு. அவுருக்கு விழுந்துச்சு கடலுக்குப் போற பெரிய போட்டு, இருபத்தேழு. எங்க நாத்தனா புருசன் மணவாளன், கடலுக்குப் போறவன். அவனுக்கு விழுந்துச்சு இந்தச் சின்னது. எங்களுக்கு மட்டும் இல்ல, பாதி ஊருக்கு இதே கதிதான். மாத்திக் குடுங்கன்னு கேட்டோம். மாத்தக் கூடாது, விக்கக் கூடாது, கைமாத்துனா திருப்பி எடுத்துக்குவோம்னு எழுதி, அல்லாருட்டயும் கைநாட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க. மறுநாளே மாரியம்மன் கோயில் முன்னால ஊரு கூடிச்சு. சூடம் ஏத்தி, ஆளுக்கு ஏத்த போட்டை ஆளுக்கு மாத்திக்கிட்டாங்க. நம்பரு எழுதுனது எழுதுனபடி இருக்கட்டும், ஆபீசுக்குத் தெரிய வேணாம்னு முடிவு. ஆறு வருசம் ஆச்சு. இங்க எந்தப் புள்ளையக் கேட்டாலும் எந்தப் போட்டு யாருதுன்னு சொல்லும். உங்களுக்குத்தான் தெரியல."

சந்திரலேகா படகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப அன்னிக்கு இருபத்தேழுல இருந்தது..."

"நான் எந்தப் பேரும் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க."

"அண்ணன் ஏன் சொல்லல? என் போட்டு வேறன்னு ஒரு வார்த்தை."

"சொல்லி? இருபத்தேழு எப்பிடி அவங்கிட்ட போச்சும்பாங்க. அப்புறம் இது எப்பிடி வந்துச்சு, பன்னெண்டு எப்பிடிப் போச்சுன்னு ஒவ்வொண்ணா இழுப்பாங்க. நாப்பது போட்டும் போவும். ஊரு கூடிப் பேசிச்சு. கொளஞ்சி, ஊருக்காகக் கொஞ்ச நாளு இருந்துட்டு வந்துருய்யான்னு சொல்லிட்டாங்க."

"அவரு சரின்னுட்டாரா?"

"அவுரு எதுக்குத்தான் சரின்னு சொல்லாம இருந்திருக்காரு."

கரைமேட்டிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். தோளில் சிவப்புத் துண்டு. மங்கலத்தின் பக்கத்தில் வந்து நின்று, படகில் கிடந்த கழியை எடுத்தான்.

"எழுந்திரு தங்கச்சி. போட்டு வேணும்."

"இது உங்க மச்சான் போட்டு."

"என் போட்டை ஆபீசுல கொண்டுபோய்ப் போட்டுட்டாங்க. நான் எதுல தொழிலுக்குப் போறது? உன் நாத்தனாருக்கு யாரு சோறு போடறது? பேப்பர்லயும் இது என் பேருதான்."

"இப்ப பேப்பரு பேசறீங்களா?"

மணவாளன் கழியால் படகின் விளிம்பைத் தட்டினான். மங்கலம் எழுந்து மணலில் நின்றாள். அவன் படகைத் தண்ணீருக்குத் தள்ளிவிட்டு, அப்போதுதான் சந்திரலேகாவைப் பார்க்கிறவன் மாதிரி பார்த்தான்.

"மேடத்துக்குப் போட்டு வேணுமா? ஏறுங்க. மூக்கன் எங்க மேயுதுன்னு மச்சானைக் காட்டியும் எனக்கு ஜாஸ்தி தெரியும்."

மங்கலம் தரையில் துப்பினாள். சந்திரலேகா கேமராப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்த வழியே நடந்தாள்.

மறுநாள் வனவரிடம் போனாள்.

"சார், நீங்க பிடிச்ச ஆள் அவர் இல்ல."

"இருபத்தேழு அவர் பேர்ல இருக்கு மேடம். அவரும் இல்லன்னு சொல்லல."

"அன்னிக்கு அவர் என்கூட இருந்தாரு. நான் போன போட்டை அவர்தான் தள்ளுனாரு."

"அப்படிங்களா." வனவர் நல்ல மனிதர்தான். பேனாவைத் தாளின் மேல் வைத்து அவள் பக்கம் நகர்த்தினார். "அப்ப இருபத்தேழுல இருந்தது யாரு? அந்தப் போட்டு அவுங்களுக்கு எப்படிப் போச்சு? எழுதிக் குடுங்க. இன்னிக்கே இவரை விடறதுக்கு ஏற்பாடு பண்றேன். நீங்க எந்தப் போட்டுல இருந்தீங்க, அது யாரோடது, அதையும் சேத்து எழுதுங்க."

பேனா அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடந்தது. மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது. ஒரு பேர் எழுதினால் கொளஞ்சியப்பன் வீட்டுக்கு வந்துவிடுவார். கூடவே நாற்பது படகும் கரையேறிவிடும். கொளஞ்சியப்பன் இல்லை என்று மட்டும் எழுதினால் போதாது.

"யோசிச்சுச் சொல்றேன் சார்."

"யோசிங்க. கேசு கோர்ட்டுக்குப் போயாச்சு. நீங்கதான் சாட்சி."

பத்து நாள் கழித்து, காவலை நீட்டிப்பதற்காகக் கொளஞ்சியப்பனைச் சிதம்பரம் கோர்ட்டுக்குக் கூட்டி வந்தார்கள். சந்திரலேகா வராந்தாவில் காத்திருந்தாள். போலீஸ்காரர் ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்தான் பேசக் கிடைத்தது. அவர் தாடி நரைத்திருந்தது. காலில் செருப்பு இல்லை.

"அண்ணே, நான் எழுதிக் குடுத்துடறேன். எது எப்படியோ போகட்டும்."

"வேணாம்மா."

"நீங்க பண்ணாததுக்கு நீங்க எதுக்கு..."

"நான் கெடந்தா மூணு மாசம், ஆறு மாசம். போட்டெல்லாம் போனா அப்புறம் எந்தச் சுனாமி வந்து குடுக்கும்?" சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "நீங்க என்ன பண்ணுவீங்க, எக்ஸ்ரேம்மா. படத்துல இருந்ததச் சொன்னீங்க."

"உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

அவர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். ஊன்றுவதற்குக் கழி இல்லாமல் கை இரண்டும் சும்மா தொங்கின.

"மூக்கன் எல்லாம் கெளம்பிருச்சா?" என்று கேட்டார்.

"தெரியல. நான் போறதில்ல."

ஜாமீன் கிடைக்க இருபத்தாறு நாள் ஆயிற்று. வெளியே வந்தவருக்குப் படகு இல்லை. இருபத்தேழு வனத்துறை வளாகத்தில் வேப்பமரத்தடியில் கிடந்தது, வழக்குச் சொத்தாக. முப்பத்தொன்றில் மணவாளன் போய்வந்துகொண்டிருந்தான். அதைத் திருப்பி வாங்கித்தரும்படி ஊரில் கேட்டதற்கு, கேசு முடியட்டும், இப்போது கிளறினால் எல்லாருக்கும் ஆபத்து என்றார்கள். சூடம் ஏற்றிப் பேசிய அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார்கள். கொளஞ்சியப்பன் செங்கல் சூளைக்குக் கல் தூக்கப் போனார். சந்திரலேகா இரண்டு தரம் சூளைக்குப் போய்ப் பார்த்தாள். இரண்டாம் தரம், "வராதீங்கம்மா, கூட வேலை செய்றவங்க கேக்கறாங்க" என்றார்.

அந்த வருஷம் டிசம்பர் கடைசியில் அடித்த புயலில் வனத்துறை வளாகத்து வேப்பமரம் வேரோடு சாய்ந்து இருபத்தேழின் மேல் விழுந்தது. படகு இரண்டாகப் பிளந்தது. அலுவலகக் கூரை ஓடு பறந்து, பீரோவிலிருந்த காகிதங்கள் எல்லாம் நனைந்தன. சந்திரலேகா தெருவில் பதினான்கு நாள் கரண்ட் இல்லை. பதினைந்தாம் நாள் வந்ததும், அரிசி மாவு அரைப்பதற்கு முன்னால் கம்ப்யூட்டரைப் போட்டாள். அந்தப் படத்தைத் திறந்தாள். நீலப் படகு, சிவப்புத் துண்டு, தலைகீழாகத் தொங்கிய கொத்து, 27. ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம் அழித்தாள். கேமராவின் கார்டை எடுத்து அம்மிக்கல்லில் வைத்துக் குழவியால் நசுக்கினாள்.

ராமாமிர்தத்திடம் மட்டும் சொன்னாள்.

"என்ன மேடம் இது? எத்தனை பறவையைக் கொன்னிருக்கான். இருந்த ஒரே அத்தாட்சி."

"ஆமா சார்."

"கோர்ட்ல ஏறி என்ன சொல்லப் போறீங்க?"

"தெரியலன்னு சொல்லப் போறேன்."

ராமாமிர்தம் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் கூப்பிடவில்லை.

பங்குனி பிறந்த மூன்றாம் நாள் சாட்சிக் கூண்டில் ஏறினாள். அரசு வக்கீல் ஒரு தாளை அவளிடம் கொடுத்தார். அலுவலக பிரிண்டரில் எடுத்த படம். மழையில் நனைந்து மை ஓடியிருந்தது. வானமும் பறவையும் படகும் ஒரே நீலமாகக் கரைந்திருந்தன.

"இது நீங்க எடுத்த படம்தானே?"

"ஆமா."

"படகுல என்ன நம்பர் இருக்கு?"

"தெரியல."

"தாள் நனைஞ்சிருக்கு, சரி. அசல் படம் உங்ககிட்ட இருக்கணுமே?"

"புயலுக்கு அப்புறம் கம்ப்யூட்டர்ல இல்ல சார்."

வக்கீல் அவள் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்தார். அது புயலுக்கு முன்பே கோர்ட்டுக்கு வந்துவிட்டதால் நனையவில்லை. "'படகின் எண் 27 என்பது தெளிவாகத் தெரிகிறது.' நீங்க எழுதுனது. தெளிவாகங்கறதுக்குக் கீழே கோடு கூடப் போட்டிருக்கீங்க."

"அப்ப அப்படித் தோணுச்சு. படத்தை ரொம்பப் பெருசாக்குனா உடைஞ்சுபோயிடும். நிழல்கூட நம்பர் மாதிரி தெரியும்."

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"எக்ஸ்ரே எடுக்கறேன்."

"எத்தனை வருஷமா?"

"பத்தொம்பது."

"பத்தொம்பது வருஷமாப் படம் பாக்கறவங்க, நிழலுக்கும் நம்பருக்கும் வித்தியாசம் தெரியாம எழுதிட்டேங்கறீங்க."

"தப்பா எழுதிட்டேன்."

கோர்ட்டுக்குள் யாரோ சிரித்தார்கள். பின் வரிசையில் எக்ஸ்ரே நிலையத்து டாக்டரின் தம்பி, ஏதோ நில வழக்குக்காக வந்தவர், அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு நிலையத்தில் என்ன பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும். வனவர் தலையைக் குனிந்துகொண்டார். நீதிபதி எழுதிக்கொண்டே, "சாட்சி இறங்கலாம்" என்றார்.

வழக்கில் இருந்த சாட்சி அவள் ஒருத்திதான். ஒரு வாரத்தில் கொளஞ்சியப்பன் விடுதலை என்று தீர்ப்பு வந்தது. இருபத்தேழையும் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார்கள். இரண்டு துண்டையும்.

தீர்ப்பு நாளில் கோர்ட் வாசலில் புளியமரத்தடியில் அவருக்காக நின்றாள். மங்கலம் தூரத்திலேயே நின்றுகொண்டாள். கொளஞ்சியப்பன் மட்டும் வந்தார். சூளை வேலையில் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"கூண்டுல ஏறிப் பொய் சொல்லிட்டீங்களே" என்றார்.

"ஆமாண்ணே."

"நானுந்தான்."

இடுப்பு மடிப்பில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தார். பீடிக்கட்டுத் தாளில் மடித்த சின்னப் பொட்டலம். அவள் கையில் வைத்தார். பிரித்தாள். ஒரு மஞ்சள் வளையம்.

"அன்னிக்கு றெக்கைக்குப் பக்கத்துல கெடந்துச்சு. காலோட. வளையம் இருந்தா அந்தக் காலை வெட்டிப் போட்டுட்டுத்தான் கொண்டுபோவாங்க. நீங்க மேல பறக்கறதுல அவனைத் தேடிக்கிட்டிருந்தீங்க. நான் சேத்துக்குள்ள மிதிச்சேன். போவல. எடுத்து மடிச்சுக்கிட்டேன். உள்ள போறப்ப மங்கலத்துக்கிட்ட குடுத்துட்டுப் போனேன்."

"சிப்பி குத்திருச்சுன்னீங்க."

"வேற என்ன சொல்றது."

"அன்னிக்கே யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"மூங்கில் நம்ம கொல்லையில வெட்டுனது. என் தங்கச்சிதான் வெட்டிக் குடுத்தது, பந்தலுக்குன்னு."

அவள் வளையத்தை மூடிக்கொண்டாள். 

"நான் ரெண்டாந்தரம் கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களாண்ணே?"

கொளஞ்சியப்பன் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார்.

"தெரியலம்மா" என்றார்.

கிள்ளை பஸ் வந்தது. மங்கலம் ஏறிக்கொண்டு ஜன்னல் வழியாக அவரைக் கூப்பிட்டாள்.

"மாசி முடிஞ்சிருச்சு. மூக்கன் செவந்திருக்கும்" என்றார் படியில் கால் வைத்தபடி. "மணவாளன்தான் இப்ப படம் புடிக்கறவங்களைக் கூட்டிட்டுப் போறான். பாண்டியிலேருந்தெல்லாம் வராங்களாம். நீங்க அவன் போட்டுல ஏறாதீங்க."

"நான் யார் போட்டுலயும் ஏறலண்ணே."

"நல்லது."

பஸ் போயிற்று. வளையம் கிடைத்தால், எங்கே கிடைத்தது, என்றைக்கு, கண்டெடுத்தவர் யார் என்று மாட்டியவர்களுக்கு எழுத வேண்டும். மூன்று வருஷம் அந்தப் பறவையைப் பற்றி அவள்தான் எழுதிக்கொண்டிருந்தாள். இதை எழுத முடியாது.

கையை விரித்துப் பார்த்தாள். வளையத்தின் உள்பக்கத்தில் ஒரு வருஷத்துச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது. வெளிப்பக்கம் சுத்தமாக இருந்தது. எண் தெளிவாகத் தெரிந்தது.